பறக்காமல் இறங்கிய கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு ஹேங் கிளைடிங் கிளப்பின் செய்தி மடலைத் தொடர்ந்து படிக்கிறேன். பாதிக் கதைகள் 'மலையேறினோம், மதியம் வரை காத்திருந்தோம், காற்று ஒத்துவரவில்லை, இறங்கிவிட்டோம்' என்றே முடிகின்றன. இதையெல்லாம் எதற்கு அச்சிடுகிறார்கள்?

பதில்: எனக்கு அந்த மாதிரி மடல்களில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான். பறந்தவர் எழுதியதைப் படித்தால் ஆசை வரும். பறக்காமல் இறங்கியவர் எழுதியதைப் படித்தால்தான், நாளைக்கு நாம் அதே மலையில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

ஹேங் கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத பெரிய இறக்கை, அதன் கீழ் தொங்கிக்கொண்டுதான் பறக்கிறோம். அதில் சரிவில் ஓடித்தான் கிளம்ப வேண்டும், அதற்குக் காற்று முகத்துக்கு நேராக வர வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் இருந்தால் நாம் ஓட வேண்டிய வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது, அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் அந்த அளவுக்குக் கூடுகிறது, அந்த வேகத்தில் யாராலும் ஓட முடியாது. சரி, எதிர்க்காற்று பலமாக அடித்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இறக்கையின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும், தரையில் நிற்கும்போதே கிளைடர் கையை மீறிவிடும்.

இதையெல்லாம்விட மோசமானது மலையின் பின்பக்கமிருந்து உச்சியைத் தாண்டி வரும் காற்று. அது இந்தப் பக்கம் இறங்கிச் சுருண்டு புரளும், அப்படிப் புரளும்போது ஓடுகிற இடத்தில் சில நேரம் அருமையான எதிர்க்காற்று போலவே முகத்தில் வீசும். காற்றின் திசை பார்க்க நட்டு வைத்த துணிப்பட்டையை மட்டும் நம்பிக் கிளம்பியவர் சில நொடிகளில் அந்தச் சுழலுக்குள் இருப்பார். அதனால்தான் அனுபவசாலிகள் மேலே மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்றும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, 30 கிலோ எடையுள்ள கிளைடரை மறுபடி கழற்றி மடித்துச் சுமந்து இறங்கி, அதை எழுதியும் வைக்கிறார்கள் என்றால் அந்த கிளப்பை நான் மதிக்கிறேன்.

கேள்வி: இன்ஜின் இல்லாமல் எப்படி மணிக்கணக்கில் மேலே இருக்க முடிகிறது?

பதில்: கிளைடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர். வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று, அதாவது தெர்மல், நொடிக்கு மூன்று மீட்டர் ஏறினால் அதற்குள் வட்டமடிக்கிறவர் இரண்டு மீட்டர் ஏறுவார். வேரியோமீட்டர் என்ற கருவி ஏற்றத்தைச் சத்தத்தால் சொல்லிக்கொண்டே இருக்கும், பருந்து வட்டமடித்தால் அதையும் நம்பிப் போகலாம். 2012 ஜூலை 3 அன்று டெக்சாஸில் உள்ள ஸபாட்டாவிலிருந்து கிளம்பிய டஸ்டின் மார்ட்டின் இப்படியே தெர்மல் மாற்றித் தெர்மல் பிடித்து 764 கிலோமீட்டர் போனார். அன்று இன்னொரு பைலட்டான ஜானி டுராண்டும் கூடவே நெடுந்தூரம் பறந்து, அதைவிடச் சில கிலோமீட்டர் குறைவான தூரத்தில் இறங்கினார்.

கேள்வி: கொக்கி மாட்டாமலே கிளம்பிவிடுவார்கள் என்கிறார்களே, நம்ப முடியவில்லை.

பதில்: நம்புங்கள். 2018-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சுற்றுலாப் பயணியின் ஹார்னஸை, அதாவது உடலைத் தாங்கும் பட்டைகளை, கிளைடரோடு கொக்கியால் மாட்டாமலே பைலட் அவரோடு ஓடிக் கிளம்பிவிட்டார், அந்தப் பயணி இரண்டு நிமிடத்துக்கும் மேல் கையால் பிடித்துத் தொங்கியே தரைக்கு வந்தார், மணிக்கட்டு உடைந்தது, உயிர் பிழைத்தது. ஹார்னஸ் போட்டிருக்கும் உணர்வே மாட்டியாகிவிட்டது என்று மனதை ஏமாற்றும். ஓடுவதற்கு முன் இன்னொருவர் கிளைடரைப் பிடித்துக்கொள்ள, நாம் படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எதற்காகவாவது கழற்றினால், ஒரு நிமிடத்துக்கே என்றாலும், மறுபடி முதலிலிருந்து. அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

கேள்வி: மொட்டை மாடி விளிம்பில் நின்றாலே எனக்குக் கால் நடுங்கும். நான் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. பறக்கிறவர்களிலேயே பலருக்கு அந்த நடுக்கம் உண்டு, ஆனால் இறக்கையின் கீழ் தொங்கும்போது அது பெரும்பாலும் வருவதில்லை. முதல் பாடம் எப்படியும் சமதரையில் கிளைடரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான், அப்புறம் சின்னச் சரிவு, தரையிலிருந்து சில அடி உயரம். பயிற்சியாளரிடம் இந்தப் பயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.