மாடியில் கிடந்து நரைத்துப்போன பிரம்பு நாற்காலியைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் பெயிண்ட் டப்பாவை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

எட்டு வருடம் மொட்டை மாடியில் கிடந்த இரண்டு பிரம்பு நாற்காலிகள், நிறம் சாம்பலாகிவிட்டது, உட்கார்ந்தால் ஆடுகிறது, கைப்பிடியில் நார் அவிழ்ந்து தொங்குகிறது, "கறுப்பு பெயிண்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

எங்களுடையது தைக்காலில் வாங்கியது. சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் வழியில், கொள்ளிடம் தாண்டினால் சாலையோரக் கடைகளில் பிரம்பு ஊஞ்சலும் நாற்காலியுமாகத் தொங்குமே, அந்த ஊர். 1996-ல் அக்கா கல்யாணம் முடிந்த கையோடு அம்மா இரண்டு நாற்காலி வாங்கி, பஸ் மேலே போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா இருந்தவரை பேப்பர் படிப்பதும் காபி குடிப்பதும் அதில்தான். அவர் போன பிறகு, அம்மாவின் கண்ணில் பட வேண்டாமென்று நாங்களே அவற்றை மாடியில் கொண்டுபோய்ப் போட்டோம். பல வருடம் கழித்து ஒருநாள் அம்மாவே கேட்டார்: "அந்த நாற்காலி ரெண்டும் என்னப்பா ஆச்சு?" அன்றைக்குத்தான் மாடி ஏறினேன்.

முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். நேராக நிற்கும்போது பின்னல்தான் கண்ணில் படும். அது கிழிந்திருந்தால் எல்லாம் போச்சு என்று தோன்றும். நாற்காலியைத் தாங்குவது பின்னல் இல்லை, உள்ளே இருக்கும் தடித்த பிரம்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் மூட்டுகளில் ஆணி அடித்து, மேலே பிரம்புப் பட்டையால் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். வெயிலில் காய்ந்து அந்தச் சுற்று தளர்ந்ததும் பாரம் முழுக்க ஆணிமேல் விழுகிறது, ஆணி ஓட்டை பெரிதாகிறது, நாற்காலி ஆட ஆரம்பிக்கிறது. உங்கள் நாற்காலி ஆடுவதற்கும் அனேகமாக இதுதான் காரணம்.

கால்களைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பிரம்பு உயிரோடு இருக்கிறது. நகம் பஞ்சில் இறங்குவதுபோல உள்ளே போனால் அந்தக் கால் இற்றுவிட்டது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். மூன்று நான்கு கால்களும் அப்படி இருந்தால் விட்டுவிடுவது நல்லது. சாம்பல் நிறத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். வெயில் பிரம்பின் மேல்பரப்பில் நார்களைப் பிணைத்துவைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்துவிடுகிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, அதனால் வரும் நரைதான் அது. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் அடியில் தேன் நிறம் எட்டிப் பார்க்கும். எங்கள் நாற்காலியின் கையில் அந்த நிறத்தைப் பார்த்த நிமிடம்தான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இப்போது பிரம்பு மாதிரியே பிளாஸ்டிக் நாரில் பின்னியவை நிறைய வருகின்றன. முறுக்கிய காகித நாரில் பின்னிய பழைய நாற்காலிகளும் சில வீடுகளில் உண்டு. பிளாஸ்டிக்குக்கு நான் சொல்லப்போகும் எண்ணெய் தேவையில்லை. காகித நாரை ஊறவைத்தால் கூழாகிவிடும், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும்.

சரி, கழுவுவது. என் தம்பி ஒரு நாற்காலியை பைக் கழுவும் வாட்டர் சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனான். அழுத்தமான தண்ணீர் பட்டதும் முதுகுப் பின்னலில் ஒரு கை அகலத்துக்கு நார் பிய்ந்து வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதனால் தயவுசெய்து வீட்டிலேயே கழுவுங்கள். முதலில் பெயிண்ட் பிரஷ்ஷால் உலர்ந்த தூசியைத் தட்டி எடுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் பின்னல் ஓடும் திசையிலேயே தேயுங்கள். கறுப்புப் பூஞ்சை இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். உச்சிவெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் வேகமாகச் சுருங்கி நார் வெடிக்கும். ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே வார்னிஷ் அடித்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

பிரம்பு பழசாவதால் உடைவதில்லை, வறண்டுபோவதால்தான் உடைகிறது. தண்ணீரில் ஊறினால் நாராக வளையும், காயும்போது சுருங்கி இறுகும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் மொத்த வேலையும்.

மூட்டுக்கு வருவோம். தளர்ந்த பழைய சுற்றை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். துருப்பிடித்த ஆணியைக் குறடால் பிடுங்கி, ஓட்டையில் ஃபெவிகால் விட்டு, வேறு இடத்தில் டிரில்லால் மெல்லிய துளை போட்டு ஸ்குரூ முடுக்குங்கள். துளை போடாமல் முடுக்கினால் பிரம்பு நீளவாக்கில் பிளந்துகொள்ளும். புதுப் பட்டையை வெந்நீரில் இருபது, முப்பது நிமிடம் ஊறவையுங்கள். பட்டைக்கு இரண்டு முகம் உண்டு. பளபளப்பான தோல் பக்கம் வெளியே வர வேண்டும். ஒரு முனையைச் சட்டத்தின் நீளவாக்கில் படுக்கவைத்து, அதன் மேலேயே சுற்ற ஆரம்பியுங்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு இடைவெளி இல்லாமல் கட்டைவிரலால் நெருக்கித் தள்ள வேண்டும். கடைசி நான்கு சுற்றை மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டு, முனையைக் கோணி ஊசியால் அவற்றின் அடியில் நுழைத்து இழுத்து, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரு சின்ன ஆணி அடித்து மீதியை வெட்டிவிடலாம். மறுநாள் காலையில் தொட்டுப் பாருங்கள். சுற்றியபோது இருந்ததைவிட அதிகமாக இறுகியிருக்கும். ஈரப் பட்டை காயும்போது தானாகவே மூட்டைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் நாற்காலியில் பதினொரு மூட்டு இப்படிச் சுற்றினேன். அதற்கே ஆட்டம் நின்றுவிட்டது.

உடைந்த பின்னலுக்கும் இதே ஊறவைத்த நார்தான். அறுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள், நிற்காது. அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும், நார் பின்னி ஓடும் குச்சிகளில் மூன்று நான்கைத் தாண்டிப் பழைய நாரை வெட்டி எடுத்துவிட்டு, பழையது எப்படி மேலும் கீழும் ஓடியதோ அப்படியே புது நாரை ஓட்டி, முனைகள் உள்பக்கம் ஒரு குச்சியின் பின்னால் வந்து முடியும்படி வெட்டுங்கள். பழைய பிரம்பு மேல் வேலை செய்யும்போது அந்த இடத்தையும் ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் நனைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒன்றைச் சரிசெய்யும்போது பக்கத்தில் இரண்டு முறியும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பலர் வீட்டில் இருப்பது: மரச்சட்டத்தில் துளை போட்டு, எண்கோணக் கண் கண்ணாகப் பின்னிய நாற்காலி. அப்பாவின் ஆபீசில் இருந்தவையெல்லாம் அதுதான். உட்கார்ந்து உட்கார்ந்து அது பள்ளமாகிவிடும். நார் எதுவும் அறுந்திராவிட்டால் பின்ன வேண்டியதே இல்லை. கவிழ்த்துவைத்து, வெந்நீரில் நனைத்த துண்டை அடிப்பக்கத்தில் அரைமணி நேரம் போட்டு எடுத்துவிடுங்கள். மேல்தோலில் தண்ணீர் இறங்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். ஒருநாள் யாரும் உட்காராமல் விட்டால் காய்ந்து மத்தளம் மாதிரி விறைத்துக்கொள்ளும்.

அறுந்திருந்தால் அது தேர்ந்த கைக்கான வேலை. நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, மறுபடி நீளம், மறுபடி குறுக்கு, கடைசியில் இரண்டு மூலைவாட்டு என ஆறு ஓட்டம் ஓட வேண்டும். நம் ஊரில் பார்வையற்றோருக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட தொழில்களில் இதுவும் ஒன்று. அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னிக்கொடுத்தவர்களில் அவர்கள் நிறையப் பேர். சின்ன வயதில் அப்பாவின் ஆபீஸ் வராந்தாவில் அப்படி ஒருவர் பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். இடது கட்டைவிரல் துளை துளையாக எண்ணிக்கொண்டே போகும், வலது கை நாரை இழுக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் "சர்ர்" என்று ஒரு சத்தம். மூலைவாட்டு ஓட்டத்தில் ஒரு கண் தப்பியதும் அவர் விரல் அங்கேயே நின்றது, பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அந்தத் தவறு தெரியவே இல்லை. பிளாஸ்டிக் ஒயரும் மோல்டட் நாற்காலியும் வந்து இந்த வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டன. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. உங்கள் ஊரில் பின்னுபவர் யாராவது இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்காலிக்கு அடியில் மைதா மாவு மாதிரி நைசான தூள் கொட்டிக்கிடந்தால், பிரம்பில் ஊசிக்குத்துபோல் துளைகள் இருந்தால், உள்ளே வண்டின் புழு இருக்கிறது. பிரம்பிலுள்ள மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. வெங்காரமும் (போராக்ஸ்) கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, துளைகளில் இறங்கும்படி பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவை பூசுங்கள். இதை வார்னிஷுக்கு முன்னால் செய்ய வேண்டும், பிறகு செய்தால் உள்ளே இறங்காது.

கடைசியாகத்தான் பூச்சு. வறண்ட பிரம்புக்கு நான் பெயிண்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) டர்பென்டைன் கலந்து பூசினேன். கால் மணி நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், விட்டால் பிசுக்காக நிற்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயப்போட்டுத் தூக்கி எறியுங்கள். எண்ணெய் நன்றாகக் காய ஒரு வாரம் விட்டு, மேலே மெல்லியதாக இரண்டு கோட் வார்னிஷ்.

கறுப்பு பெயிண்ட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பின்னலின் இடுக்கில் போன பெயிண்டைப் பிறகு யாராலும் முழுதாக எடுக்க முடியாது, அந்தத் தேன் நிறம் திரும்பக் கிடைக்காது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பழைய நாற்காலி என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் தூள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கக்கூடாது.

கால்களின் அடிமுனையை மறக்காதீர்கள். மூங்கில் மாதிரி பிரம்பின் உள்ளே வெற்றிடம் கிடையாது, வெட்டிய முனையில் நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். கொடியாக இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. மாடித் தரையில் தேங்கும் மழைநீர் அதே வழியாக ஏறி, காலை உள்ளிருந்து இற்றுப்போகச் செய்கிறது. அந்த முனைகளில் மூன்று நான்கு தடவை வார்னிஷ் வைத்து, ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.

எனக்கு இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து 1,400 ரூபாய்க்குள் முடிந்தது, அதில் பாதி பிரம்புப் பட்டைக்கு. ஒன்றின் முதுகில் நான் ஓட்டிய புது நார் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. அம்மா அதில்தான் உட்காருகிறார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் விரல் அந்த வெளிறிய இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கும்.

நாற்காலியைக் கவிழ்த்து, கால் மூட்டுகளையும் அடிமுனைகளையும் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். எந்த மூட்டை அவிழ்க்க வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.