விட்ட படிப்பைத் தொடர: கேள்வி பதில்

கே (திருப்பூர், பனியன் கம்பெனி): வயது 34. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். டிசி இல்லை. பத்தாவது எழுத வழி உண்டா சார்?

ப: இரண்டு வழி உண்டு. ஒன்று, மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம். முதலில் எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதுங்கள். பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டிசி இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35. அதன்பின் பத்தாவது. அங்கே பலரும் சறுக்குவது அறிவியல் செய்முறையில். எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். செய்முறைப் பயிற்சிக்கான அறிவிப்பு தனியாக, முன்கூட்டியே வரும். அதைத் தவறவிட்டுத் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, என்.ஐ.ஓ.எஸ் எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. எட்டாவது சான்றிதழ் இல்லாவிட்டாலும், பத்தாவது படிக்கும் அளவுக்கு அறிவு இருக்கிறது என்று நீங்களே உறுதிமொழி எழுதித் தரலாம். தமிழ் வழியும் உண்டு. ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஷிப்ட் வேலைக்காரர் தடவைக்கு இரண்டு பாடமாக முடிப்பதே நல்லது. வீட்டிலிருந்து எழுதித் தரும் பயிற்சி ஏட்டுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

எந்த வழியானாலும் விண்ணப்பம் போடும் முன் ஆதாரையும் பிறப்புச் சான்றையும் அருகருகே வைத்துப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்தாவது சான்றிதழில் ஏறிய தேதிதான் பிறகு எல்லா இடத்திலும் பேசும்.

கே (மதுரை): கணக்கு இல்லாமல் பத்தாவது முடிக்கலாம் என்கிறார்களே?

ப: என்.ஐ.ஓ.எஸ்-ல் முடிக்கலாம். மனையியல், ஓவியம் என்று எடுத்துத் தேறியவர்கள் உண்டு. ஆனால் பாலிடெக்னிக் பக்கமோ, ஐடிஐ எலக்ட்ரீசியன், பிட்டர் பக்கமோ போக நினைத்தால் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். அடுத்து எங்கே போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கே (விழுப்புரம்): அம்மாவுக்கு 58 வயது. ‘அ’விலிருந்து சொல்லித் தருகிறேன். ‘ஔ’ வருவதற்குள் ‘இ’ மறந்துவிடுகிறது.

ப: ‘ஔ’வை எந்த பஸ் போர்டில் அவர் பார்க்கப் போகிறார்? உயிரெழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். பன்னிரண்டையும் முதலில் திணித்தால் வாசிக்க ஒரு சொல்கூடக் கிடைக்காது. ட, ப, ம என்ற மூன்றில் தொடங்குங்கள். கோடு போடச் சுலபம். புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் முதல் நாளே வாசிக்கலாம். அடுத்து துணைக்கால்: பாடம், மாடம், பட்டா. பிறகு கொக்கி: படி, மடி. 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். நிஜமான சிக்கல் உகர, ஊகார வரிசைதான். கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அதை அட்டவணையாக வேண்டாம், மாடு, பாடு, முட்டு என்று சொல்லாகக் கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை: கண் பரிசோதனை. நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. ‘மறதி’ என்று நாம் நினைப்பதில் பாதி, எழுத்து சரியாகத் தெரியாததுதான்.

கே (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்): அகர வரிசை இல்லாமல் தமிழா? அடித்தளம் இல்லாமல் மாடி கட்டச் சொல்கிறீர்கள்.

ப: ஐயா, வரிசை வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் வாரம் வேண்டாம் என்கிறேன். குழந்தைக்குப் பத்து வருடப் பள்ளி இருக்கிறது. இவருக்கு மாலையில் ஒரு மணி நேரம், அதுவும் அடுப்பு வேலை முடிந்தால்.

கே (அதே ஆசிரியர்): குறில் நெடில் தெரியாதவர் ‘படு’வையும் ‘பாடு’வையும் எப்படிப் பிரிப்பார்?

ப: காதால் பிரிப்பார். ஐம்பது ஆண்டாகத் தமிழ் பேசுகிறவர். அந்த வேறுபாட்டை அவருக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அது தாளில் எப்படித் தெரியும் என்பதை மட்டும் காட்டினால் போதும்.

கே (தன்னார்வலர், தருமபுரி): ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது சார். எங்கள் மையத்தில் சொல்முறையில் கற்றவர்கள் பழகிய சொல்லைப் படமாகப் பார்த்துச் சொல்கிறார்கள். புதுச்சொல் வந்தால் நின்றுவிடுகிறார்கள்.

ப: சொல்லைப் பிரிக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். ‘பட்டம்’ வந்ததும் ப, ட், ட, ம் என்று அட்டையில் வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்லுங்கள். அதே அட்டைகளில் பொருளில்லாத ‘டபம்’ போன்றதும் வாசிக்க வையுங்கள். பொருள் இல்லாததை வாசித்தால் மனப்பாடம் இல்லை என்று உறுதி. இரண்டு மாதம் கழித்து ஐயாவின் அகர வரிசையைச் சுவரில் மாட்டுங்கள். அப்போது அது புரியும்.

கே (அதே தன்னார்வலர்): கணக்கில் 105-ஐ 1005 என்று எழுதுகிறார்கள்.

ப: நூறையும் ஐந்தையும் காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். மனக்கணக்கில் தவறே இருக்காது, கவனித்துப் பாருங்கள். மூன்று கட்டம் போட்டு நூறு ரூபாய்த் தாள், பத்து ரூபாய்த் தாள், ஒரு ரூபாய்க் காசு என்று வையுங்கள். நடுக்கட்டம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுழி புரியும்.

கே (சேலம்): புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தேர்வில் அப்பா தேறிவிட்டார். இது ஐந்தாவதுக்குச் சமமா?

ப: இல்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு தலா 50, மொத்தம் 150. எழுத்தறிவு பெற்றவர் என்பதற்கு அது சான்று. வகுப்புச் சான்று வேண்டுமானால் என்.ஐ.ஓ.எஸ் அடிப்படைக் கல்வி: அ நிலை மூன்றாவதுக்கும், ஆ நிலை ஐந்தாவதுக்கும், இ நிலை எட்டாவதுக்கும் இணை.

கே (ஓசூர்): வாடகை வண்டி ஓட்ட பேட்ஜ் எடுக்க எட்டாவது வேண்டும் என்று ஏஜென்ட் 15,000 கேட்கிறார்.

ப: வாகன ஓட்டுநருக்கான எட்டாவது தகுதி விதியை 2019-லேயே மத்திய அரசு நீக்கிவிட்டது. பணம் கொடுக்காதீர்கள்.

கே (நாகர்கோவில்): வளைகுடா வேலைக்குப் பத்தாவது உதவுமா?

ப: உதவும். பத்தாவது தேறியவர் வேலைக்காக வளைகுடா செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி பெறத் தேவையில்லை. பெயரும் தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகட்டும். மேலேயே சொன்னேன்.

கே (ஈரோடு): பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேராகப் பட்டம் வாங்கலாமா?

ப: முன்பு அப்படி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது, 2009-லேயே அரசாணை இருக்கிறது.

கே (கரூர்): சார், எட்டாவது எழுதாமல் பத்தாவது எழுதலாமா?

ப: என்.ஐ.ஓ.எஸ்-ல் எழுதலாம், முதல் பதிலைப் பாருங்கள்.

கே (வேலூர்): தேர்வே எழுதாமல் ஒரே மாதத்தில் பத்தாவது சான்றிதழ் தருவதாக விளம்பரம் பார்த்தேன், நம்பலாமா?

ப: தேர்வில்லாத பத்தாவது எந்த வாரியத்திலும் கிடையாது. ஆதார் நகலைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள்.

கே (திருச்சி): பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று. எதைப் போட?

ப: பிறப்புச் சான்றில் உள்ளதை. ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு விண்ணப்பம்.