32 வயதில் துறை மாறுகிறேன். முதல் நெட்வொர்க்கிங் சான்றிதழாக எதை எடுக்கலாம், நெட்வொர்க் பிளஸ்ஸா, சிசிஎன்ஏவா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது கொஞ்சம்தான்: வயது 32, துறை மாறுகிறீர்கள், இரண்டில் எது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வீட்டுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை. இரண்டு தேர்வுக்குக் கட்டப் பணமும் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இந்தியாவில் வேலை தேடப் போகிறீர்கள் என்றால், சிஸ்கோ என்ற நெட்வொர்க் கருவிக் கம்பெனி தரும் சிசிஎன்ஏவை எடுங்கள். ஆனால் நான் எடுத்த விதத்தில் எடுக்காதீர்கள்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஏழு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். நாள் முழுக்க வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான். 2021-ல், 31 வயதில், சம்பளம் 22,000-ஐத் தாண்டவில்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் ‘நூறு சதவீதம் வேலை’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். 45,000 ரூபாய் கட்டணம். தேர்வுக்குத் தனியாக 300 டாலர், வரியோடு 26,000 ரூபாய் ஆனது. மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

இரண்டு மாதம் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார்கள். கையில் கொடுத்த நோட்ஸில் ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறைக்கு ஒரு அத்தியாயமே இருந்தது. அது எப்போதோ பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. 2020 பிப்ரவரி 24-ல், துறைவாரியாகப் பிரித்திருந்த பழைய சிசிஎன்ஏ கிளைகள் எல்லாம் போய் 200-301 என்ற ஒரே தேர்வு வந்தது. பழைய கிளைகளின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். "இதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க சார், பாஸ் நிச்சயம்." டம்ப்ஸ், அதாவது தேர்விலிருந்து திருட்டுத்தனமாக வெளியே வந்த கேள்வி-பதில்கள். நானும் மனப்பாடம் செய்தேன், தேறினேன். செய்தது தப்பு. மறைக்க விரும்பவில்லை.

சென்னையில் முதல் நேர்முகத் தேர்வு. "ஒரு கம்ப்யூட்டருக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராதபோது கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. இந்த வேலையில் தினமும் கண்ணில் படுவது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஓஎஸ்ஐ என்ற பாடப்புத்தக மாதிரியின் ஏழு அடுக்கையும் ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. "கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணிட்டு வாங்க சார்" என்றார். அன்று ராத்திரி கோவை பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம்தான் படித்தேன். நிஜக் கருவி இல்லாமலே கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கட்டிப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இறக்கிக்கொள்ளலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஷிப்ட் முடிந்து வந்து ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை, எட்டு மாதம். ஒரு /26 சப்நெட்டில், அதாவது நெட்வொர்க்கிலிருந்து பிரித்த அந்த அளவுத் துண்டில், 62 கருவிகளுக்கு முகவரி தரலாம் என்பதை விரல் விட்டு எண்ணாமல் சொல்ல ஆறு வாரம் ஆனது. ஒருநாள், கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் இரண்டுக்கு நடுவில் டிரங்க் போட்டிருந்தேன். ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்தான் விலான், பல விலான்களை ஒரே கம்பியில் கொண்டுபோவது டிரங்க். விலான் 10-உம் 20-உம் ஓடிக்கொண்டிருந்தன. 30-ஐயும் சேர்க்க ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 30’ என்று அடித்தேன். 10-உம் 20-உம் செத்துப்போயின. ‘ஆட்’ என்ற சொல் இல்லாவிட்டால் அந்தக் கட்டளை பட்டியலில் சேர்க்காது, பழைய பட்டியலையே அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். காரணம் புரிய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

அப்புறம் சென்னையில் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் நைட் ஷிப்ட் கிடைத்தது. சம்பளம் 17,000, பழையதை விடக் குறைவு. இதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சேர்ந்த நான்காவது மாதம், ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் பார்கோடு ஸ்கேனர், பில்லிங் எல்லாம் நின்றுபோயின. சீனியர்கள் வெளி இணைப்பையும் ஃபயர்வாலையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை கேமராவுக்குப் புது விலான் சேர்த்திருந்தார்கள் என்று டிக்கெட்டில், அதாவது வேலைப் பதிவில், இருந்தது. டிரங்கைப் பார்த்தேன். பட்டியலில் ஒரே ஒரு எண். "அண்ணா, ஆட் போடல" என்றேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. அந்த ராத்திரியை இன்னும் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நெட்வொர்க் பிளஸ் எடுத்தவர்கள் சண்டைக்கு வரலாம். அது மட்டமென்று நான் சொல்லவில்லை. எந்தக் கம்பெனியின் கருவியையும் சாராமல் அடிப்படையைச் சொல்லித்தருவது.  அமெரிக்கக்காரர்கள் யூட்யூபில் அதைப் பரிந்துரைப்பதற்கு அவர்கள் ஊரில் காரணம் உண்டு. அங்கே பாதுகாப்புத் துறையின் கணினிப் பணிகளுக்கு ஏற்கப்பட்ட சான்றிதழ்களில் அதுவும் இருந்திருக்கிறது. நான் விண்ணப்பித்த வேலைகளில் ஒன்றில்கூட அதைக் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் சிசிஎன்ஏ இருந்தது. சிஸ்கோவிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு இதை எழுதவில்லை. கிளவுட் படித்தால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அங்கேயும் சப்நெட் பிரிக்கத் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். 2024-ல் ஒரு டம்ப்ஸ் தாளையும் தொடாமல் மறுபடி எழுதித் தேறினேன். என் கணக்கில் அதுதான் என் சிசிஎன்ஏ.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாகக் கிடக்கிறது. பதிவு செய்யும்போது ‘கடைசிப் பெயர்’ கட்டாயம். நமக்கு ஏது? இன்ஷியலைப் போட்டேன். அடையாள அட்டையில் அப்பாவின் முழுப்பெயர். தேர்வு மையத்தில் நாற்பது நிமிடம் வெளியே நிறுத்திவைத்தார்கள். அலுவலகப் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ இடத்தில் அட்டையில் உள்ளபடி அப்பா பெயரைப் போட்டேன். அதைத்தான் என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒற்றைப் பெயர் உள்ளவன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதை ஒரு படிவத்தில் ஏற்றுக்கொள்ள இவ்வளவு கஷ்டமா? நீங்களாவது அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மாதம் பாக்கெட் டிரேசரில் மட்டும் உட்காருங்கள். இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், மூன்று விலான். எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். வேலை செய்யும் டிரங்கை நீங்களே கெடுத்துவிட்டு, மறுநாள் ராத்திரி எதையும் பார்க்காமல் சரிசெய்யுங்கள். எங்கே சிக்கினீர்கள் என்று கீழே எழுதினால், ஷிப்ட் முடிந்து காலையில் பதில் போடுகிறேன்.