சப்போர்ட் வேலை என்றால் டெவலப்மென்டுக்கு ஒரு படி கீழா?

கேள்வி: சிறுசேரியில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில் இரண்டரை ஆண்டாக இருக்கிறேன். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கு எல்-2 புரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வரும் கோளாறுகளைப் பார்க்கும் இரண்டாம் நிலை டீம்; பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் டெவலப்மென்டில் இருக்கிறார்கள். டிக்கெட் என்றால் பதிவாகும் புகார்; கேன்டீனில் என்னை 'டிக்கெட் மூடுற ஆளு' என்று கிண்டல் செய்கிறார்கள். மேனுவல் டெஸ்டிங்கில் இருக்கும் தோழிக்கும் இதே கதைதான். வேறு டீமுக்குப் போகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டால் ரிலீஸ் கிடையாது என்கிறார். வேலையை விட்டுவிட்டு ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் சேரலாமா? 'டெவலப்பராக இருந்ததாகவே ரெஸ்யூமேயில் போடுங்கள், வேறு கம்பெனி லெட்டர் கூட ஏற்பாடு செய்யலாம்' என்கிறது ஒரு பயிற்சி நிலையம். என்ன செய்வது?

பதில்: கடைசியில் இருந்து வருகிறேன். அந்த லெட்டர் வேண்டவே வேண்டாம். யார் எந்த மாதம் உங்களுக்குப் பிஎஃப் கட்டினார்கள் என்பது யுஏஎன் என்ற உங்கள் நிரந்தர பிஎஃப் எண்ணின் கீழ் அப்படியே பதிவாகியிருக்கிறது. பின்னணி சரிபார்ப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இன்று சாதாரணம். கம்பெனி பெயரை உண்மையாக வைத்து வேலையை மட்டும் மாற்றி எழுதினாலும், 'இந்த டிசைனை ஏன் இப்படி முடிவு செய்தீர்கள்?' என்று இன்டர்வியூவில் நாலு கேள்வி வந்தால் போதும், சாயம் வெளுத்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'எல்லா வேலையும் சமம்' என்று நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. படிநிலை இருக்கிறது. மேலே ஆர்க்கிடெக்ட், அவருக்குக் கீழே டெவலப்பர், அப்புறம் ஆட்டோமேஷன் டெஸ்டர், மேனுவல் டெஸ்டர், சப்போர்ட். எல்லோருக்கும் கீழே, நம் லேப்டாப் ஆன் ஆகாதபோது மட்டும் நினைவுக்கு வரும் டெஸ்க்டாப் சப்போர்ட் தம்பி. இப்போது ஏஐ டீம் என்று ஒரு மொட்டை மாடியும் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த வரிசையைப் போடுவது மூளை அல்ல, பில்லிங். சர்வீஸ் கம்பெனியில் ஒவ்வொரு ஆளுக்கும் கிளையன்டிடம் ஒரு ரேட் உண்டு. புதிதாக ஒன்றைக் கட்டும் ப்ராஜெக்டுக்கு வங்கி முதலீடு என்று நினைத்துப் பணம் ஒதுக்கும். சப்போர்ட் அதன் கணக்கில் செலவு. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் 'போன தடவையைவிடக் குறைந்த ஆளில் செய்து கொடுங்கள்' என்பார்கள். போதாததற்கு, ஒன்றும் உடையாத இரவுக்கு யாரும் பாராட்டு மெயில் போடுவதில்லை. உடைந்தால் மட்டும் கால் பிரிட்ஜில் (கூட்டு அழைப்பில்) இருபது பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பணம் நகர்ந்தால் இந்த வரிசையும் நகரும். 1946-இல் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டியபோது புகழெல்லாம் இயந்திரத்தைக் கட்டிய பொறியாளர்களுக்குத்தான். அதற்கு ப்ரோகிராம் அமைத்த 6 பெண்களின் வேலையை குமாஸ்தா வேலை மாதிரிதான் பார்த்தார்கள். இன்று படியின் மேல் பக்கத்தில் இருப்பது அந்த வேலைதான். கூகுளில் 2003-இல் பென் ட்ரெய்னர் ஸ்லாஸ் தொடங்கிய எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்) டீமையும் பாருங்கள். சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கோட் எழுதத் தெரிந்தவர்களிடம் கொடுத்து, நேரத்தில் பாதிக்கு மேல் டிக்கெட் மாதிரியான வேலைக்குப் போகக் கூடாது என்று விதி வைத்தார்கள். மீதி நேரம் அந்த டிக்கெட்டே வராமல் செய்வதற்கு. அடிப்படையில் உங்கள் வேலைதான், மரியாதையும் சம்பளமும் மட்டும் வேறு.

ஆகவே டெவலப்மென்டா சப்போர்ட்டா என்பதைவிட, சப்போர்ட்டில் நீங்கள் எந்த வகை என்று பார்ப்பது முக்கியம். ராத்திரி இரண்டரை மணிக்கு ஸ்டேட்மென்ட் பேட்ச் ஜாப் (ஸ்டேட்மென்ட்களை மொத்தமாகத் தயாரிக்கும் தானியங்கி வேலை) விழுகிறது என்று வையுங்கள். ஒருவர் எஸ்ஓபி-யை (என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதிய குறிப்பை) திறந்து, ஜாபை ரீஸ்டார்ட் செய்து, 'இஷ்யூ ரிசால்வ்டு' என்று எழுதி டிக்கெட்டை மூடுவார். எஸ்எல்ஏ (இத்தனை நேரத்துக்குள் சரிசெய்வோம் என்று கிளையன்டுக்குக் கொடுத்த வாக்கு) மீறப்படவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொருவர் ரீஸ்டார்ட் செய்துவிட்டு லாகை (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவை) மேலே தள்ளிப் பார்ப்பார்: கொடுத்த நேரம் தீர்ந்து ஜாப் நின்றிருக்கிறது. டைம் அவுட். போன மாதக் கடைசியிலும் இதே ஜாப், இதே டைம் அவுட். மாதக் கடைசியில் டேபிளில் வரிசைகள் பெருகுகின்றன, க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) முழு டேபிளையும் தேடுகிறது. ப்ராப்ளம் டிக்கெட் ஒன்று போட்டு, டிபிஏ-வையும் (டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர்) எல்-3 ஆளையும் (கோடையே திருத்தும் அடுத்த நிலை டீம்) இழுத்து, தேடலை வேகமாக்கும் ஒரு இண்டெக்ஸ் போட வைப்பார். அடுத்த மாதம் அந்த ஜாப் விழாது. ஐடி சர்வீஸுக்கான ஐடிஐஎல் என்ற வழிகாட்டி, வந்த கோளாறை இன்சிடென்ட், அதன் அடிக்காரணத்தை ப்ராப்ளம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

முதல் வருஷம் முதல் வகையாக இருப்பது தப்பில்லை. இரண்டரை வருஷம் ஆகியும் அங்கேயே இருந்தால் கேன்டீன் கிண்டலைவிட அதுதான் கவலைப்பட வேண்டியது. டாஷ்போர்டைப் பார்த்து மெயிலை ஃபார்வர்ட் செய்யும் எல்-1 (முதல் நிலை) மாதிரியான வேலையை டூல்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பொழுது பெரும்பாலும் அதில் போனால் அவசரமாக நகர வேண்டும்.

நகரும் வழி: எல்-2 ஆட்களுக்குப் பொதுவாக கோட் பார்க்க அனுமதி இருக்காது. முதலில் ரெப்போவுக்கு (கோட் சேமித்து வைத்திருக்கும் இடம்) ரீட் ஆக்சஸ், அதாவது படிக்க மட்டும் அனுமதி, கேளுங்கள்.  ஒவ்வொரு எல்-3 ஃபிக்ஸிலும் எந்த வரி மாறியது என்று படியுங்கள். இது காசு கேட்காத கோர்ஸ். வெளியே படிப்பதானால் ஃபுல் ஸ்டாக் உங்களுக்குச் சுற்றுவழி. எஸ்க்யூஎல், லினக்ஸ் ஷெல், பைத்தான், அப்புறம் ஏதாவது ஒரு கிளவுட் என்று போனால், இருக்கும் அனுபவத்தின் மேலேயே கட்டலாம். உங்கள் தோழிக்கும் இதே கணக்குதான்: ஏபிஐ டெஸ்டிங், செலினியம் (வெப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் டூல்), கையால் கோட் எழுதும் பழக்கம்.

மேனேஜர் ரிலீஸ் தராததைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனால் நைட் ஷிஃப்டுக்கு ஆள் இல்லை, எஸ்எல்ஏ போனால் கேள்வி அவரிடம்தான் வரும். அதனால் ஆளையும் தேதியையும் நீங்களே தயார் செய்துகொண்டு கேளுங்கள். ஒரு ஜூனியருக்கு கேடி கொடுத்து (வேலையைக் கற்றுக்கொடுத்து) முடித்துவிட்டு, 'இவர் தனியாகப் பார்க்கிறார், அடுத்த காலாண்டில் இதே அக்கவுன்டில் எல்-3க்குப் போக விரும்புகிறேன்' என்று மெயிலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது அப்ரைசல் வரும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதே அக்கவுன்ட் என்பதற்குக் காரணம் உண்டு. அந்த வங்கியின் பேமென்ட் எங்கே சிக்கும், ரீகன்சிலியேஷன் (கணக்கு ஒத்துப்பார்ப்பது) எங்கே தவறும் என்று அந்த டெவலப்மென்ட் டீமில் பலரைவிட உங்களுக்குத் தெரியும்.

இரண்டு முறை கேட்டும் நடக்கவில்லை என்றால், அல்லது தொடர் நைட் ஷிஃப்ட் உடம்பைத் தின்கிறது என்றால், வெளியே தேடுங்கள். ஆனால் கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடாதீர்கள். பல சர்வீஸ் கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அதையும் கணக்கில் வைத்துத் தேடத் தொடங்குங்கள்.

ரெஸ்யூமேயில் 'டிக்கெட்டுகளைக் கையாண்டேன்' என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எந்த ஜாப் ஏன் விழுந்தது, நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள், அதற்கு முன்னும் பின்னும் மாதம் எத்தனை டிக்கெட் என்று எழுதுங்கள். எண்ணிக்கையை இப்போதே டூலில் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியின் பெயர், ஸ்க்ரீன்ஷாட், லாக் எதையும் வெளியே எடுத்து வர வேண்டாம். அது வேறு வம்பு.