கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், விற்கப்போகும் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எப்படிப் பாதுகாப்பாக இருப்பது?

கீழக்கரைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள், உம்மா, இரண்டு பிள்ளைகள். இணையத்தில் விளம்பரம் போட்டதிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வருகிறார்கள், பயமாக இருக்கிறது என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். போன வருடம் இதே ஊரில் நானும் இதே நிலையில் இருந்தேன். நம் ஊரில் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பதுதான் வழக்கம். பத்திரம் நம் பெயரில் இருக்கும், ஆண்கள் துபாயில் இருப்பார்கள். கதவைத் திறப்பதும் வீட்டைச் சுற்றிக் காட்டுவதும் நாம்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராமேஸ்வரத்திலிருந்து திருச்செந்தூர் போகிற வழி, அப்படியே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தரகர் இரண்டு பேரை அனுப்பினார். அசர் தொழுகை முடிந்த சாயங்கால நேரம். ஒருவர் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும் என்றார், கூடவே ஏறினேன். மற்றவர் முழங்கால் வலி என்று கீழேயே உட்கார்ந்துகொண்டார். உம்மா உள்ளறையில் படுத்திருந்தார்கள். இறங்கி வந்து டீ குடிக்கும்போது, "சார் எப்ப லீவுல வருவார்?" என்று கேட்டார்கள். நானும் யோசிக்காமல், "ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான்" என்றேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு லைட் போடப் போனபோதுதான் பார்க்கிறேன், பின்வாசல் மேல்தாழ்ப்பாள் திறந்திருந்தது. உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போன தாழ்ப்பாள் அது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் அசையும். பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த சாவியையும் காணவில்லை. அன்று இரவு தம்பி வந்து வாசலில் படுத்தான். மறுநாள் காலையில் பூட்டை மாற்றினோம்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்தது ஒன்றுதான். வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுவேன், வீட்டு நிலவரத்தை வெளியே விடமாட்டேன். யார் இருக்கிறார்கள், யார் எப்போது வருவார்கள், ஏன் அவசரமாக விற்கிறோம் என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தேவையில்லை. கேட்டால், "அவர் வெளியே போயிருக்கிறார், விலை விஷயம் தம்பியிடம் பேசுங்கள்" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

உண்மையில் வாங்க வருகிறவர்களின் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பா, காவிரித் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, லாரி சந்துக்குள் வருமா, பட்டா யார் பெயரில் என்று கேட்பார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், எந்த அறையில் யார் படுப்பார்கள் என்று கேட்டவரை நான் அடுத்த தடவை வரவிடவில்லை.

நேரத்தை நீங்களே குறியுங்கள். பகல் மட்டும்தான், மஃரிபுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் வேண்டாம், தெருவில் ஆம்பளைகள் யாரும் இருக்கமாட்டார்கள். வருவதற்கு முன் போனில் பெயர், ஊர், யார் சொல்லி வருகிறார்கள் என்று கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று நம் பக்கம் கேட்பது வழக்கம்தானே, கூச்சப்படாமல் கேளுங்கள். நிஜமாக வாங்க நினைப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டி வந்து நின்றதும் நம்பரைப் படம் எடுத்துத் தம்பிக்கோ வீட்டுக்காரருக்கோ அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு ஆள் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். எனக்கு எதிர்வீட்டு லாத்தா வந்து முன்கூடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். வந்தவர்கள் மொத்தமாக ஒரே அறையைப் பார்க்கட்டும். ஒருவர் மாடியில், ஒருவர் கீழே என்று பிரியக் கூடாது. அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடங்கள், அறைக்குள் போகாமல் வாசற்படியிலேயே நில்லுங்கள். போன் கையிலேயே இருக்கட்டும். போலீஸுக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. வந்தவர்கள் போனதும் முதல் வேலையாக ஜன்னல், பின்வாசல், மாடிக்கதவு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

நகையை பேங்க் லாக்கருக்குக் கொண்டுபோய்விடுங்கள். பாஸ்போர்ட், சாவிக்கொத்து, ஏடிஎம் கார்டு, பிள்ளைகளின் ஸ்கூல் அடையாள அட்டை எதுவும் கண்ணில் படக் கூடாது. அந்த அட்டையில் பிள்ளையின் முகம், பள்ளிக்கூடம், உங்கள் போன் நம்பர் எல்லாமே இருக்கும். விளம்பரத்தில் போட்ட படங்களையும் ஒருமுறை பாருங்கள். பீரோவும் பின்வாசல் பூட்டும் தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பத்திரம். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்ட வேண்டும், ஒருநாள் கொடுங்கள் என்பார்கள். தராதீர்கள். ஜெராக்ஸ் போதும், அதன் மேல் குறுக்காக யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். சர்வே நம்பர் இருந்தால் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் நம் கணக்குக்கு வர ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் போட்டால் நம் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

எங்கள் வீட்டைக் கடைசியில் வாங்கியவர் தொண்டிக்காரர். நான் சொன்ன நாளில், மனைவியையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த உம்மா நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அறைகளைப் பார்க்க வந்தார்கள்.