வெல்லம் கொடுத்தும் மாடு தேறாதது ஏன்?

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாம் ஈத்து, கன்று போட்டு 18 நாள் ஆகிறது. 16 லிட்டர் கறந்தது ஒரே வாரத்தில் 9 லிட்டருக்கு இறங்கிவிட்டது. கலப்புத் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, சோளத்தட்டை மட்டும் கொஞ்சம் கடிக்கிறது. காய்ச்சல் இல்லை. ஆனால் மளமளவென்று இளைக்கிறது, மூச்சில் பழுத்த பழம் மாதிரி ஒரு வாடை. சத்துக் குறைவு என்று நினைத்து மூன்று நாளாகக் கஞ்சியும் தினம் அரைக் கிலோ வெல்லமும் கொடுக்கிறேன். தேறவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கீட்டோசிஸ் போலத்தான் இருக்கின்றன, அதாவது உடம்புக் கொழுப்பு கரைந்து கீட்டோன் என்ற பொருள்கள் ரத்தத்தில் சேரும் நோய். இன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். ஆஸ்பத்திரி தூரம் என்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் ஊர்தி வரும். கஞ்சியையும் வெல்லத்தையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். பாசத்தோடு கொடுத்ததை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்று தெரிந்தால்தான் அடுத்த ஈத்துக்கும் உதவும், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நாம் சோறு தின்றால் அதிலுள்ள மாவு குடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்கிறது. மாட்டுக்கு அப்படி இல்லை. அது தின்னும் தட்டையும் தவிடும் வெல்லமும் முதலில் போவது பெருவயிற்றுக்கு. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. இனிப்பை முதலில் தின்பது அவைதான். தின்றுவிட்டு அசிட்டிக், புரோபியோனிக், பியூட்ரிக் என்ற அமிலங்களை வெளியே விடுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. நீங்கள் கொடுத்த வெல்லம் சர்க்கரையாக ரத்தத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. கஞ்சியும் வெல்லமும் அளவு மீறினால் வயிற்றில் புளிப்பு ஏறி, இருக்கிற பசியும் போய்விடும்.

அப்படியானால் மாட்டுக்குக் குளுக்கோஸ் எங்கிருந்து வருகிறது? அதன் ஈரல்தான் செய்கிறது, பெரும்பாலும் புரோபியோனிக் அமிலத்தை வைத்து. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். உங்கள் மாடு 16 லிட்டர் கறந்தபோது மடிக்கு மட்டும் தினம் ஒரு கிலோவுக்கு மேல் போயிருக்கிறது! கன்று போட்ட மாட்டுக்குப் பால் வேகமாக ஏறும், தீனி எடுப்பு மெதுவாகத்தான் ஏறும். இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. மளமளவென்று இளைப்பது அதனால்தான்.

சரி, கொழுப்பிலும் சக்தி இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கக் கூடாதா? இங்கேதான் சிக்கல். உடம்பிலுள்ள செல்கள் நேரடியாகச் செலவழிப்பது ஏடிபி என்ற மூலக்கூறை. அதைப் பெருமளவில் செய்யும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. சர்க்கரையோ கொழுப்போ, உடைந்து அசிட்டைல் என்ற சிறு துண்டாகித்தான் அங்கே நடக்கும் சுழற்சிக்குள் நுழைகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-ல் கண்டுபிடித்தது இந்தச் சுழற்சியைத்தான், 1953-ல் நோபல் பரிசும் பெற்றார். நுழையும் ஒவ்வொரு அசிட்டைலையும் ஆக்சலோஅசிட்டேட் என்ற பொருள் கைகோத்து உள்ளே அழைத்துப் போக வேண்டும். குளுக்கோஸ் செய்வதற்கும் ஈரலுக்கு அதே ஆக்சலோஅசிட்டேட்தான் வேண்டும். மடி குளுக்கோஸ் கேட்டுக்கொண்டே இருக்க, ஈரல் அதை எடுத்து எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கரைந்து வந்து குவியும் கொழுப்பை உள்ளே அழைத்துப் போகக் கை போதவில்லை. தேங்கிய அசிட்டைல் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீட்டோன்களாகி ரத்தத்திலும் பாலிலும் மூத்திரத்திலும் மூச்சிலும் வருகின்றன. நீங்கள் பிடித்த பழ வாடை அதில் ஒன்றான அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருப்பதே. எல்லார் மூக்குக்கும் இந்த வாடை எட்டாது. நீங்கள் கவனித்தது பெரிய விஷயம்.

மருத்துவர் மூத்திரத்திலோ பாலிலோ ரோதெரா சோதனை செய்வார், கீட்டோன் இருந்தால் ஊதா நிறம் காட்டும். மடிநோய், கருப்பை அழற்சி, வயிற்றில் கம்பி குத்தியிருப்பது இவற்றாலும் மாடு தீனி விட்டு, பின்னாலேயே கீட்டோசிஸும் வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கீட்டோசிஸ்தான் என்றால் ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றுவார். நுண்ணுயிர் வாய்க்குப் போகாமல் சர்க்கரை நேராக ரத்தத்துக்குப் போவதால் மாடு சில மணி நேரத்திலேயே தலை தூக்கும். ஆனால் அந்தச் சர்க்கரை சீக்கிரம் செலவாகிவிடும். அதனால் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவ மருந்தை வாய்வழி கொடுக்கச் சொல்வார், வழக்கமாக ஒரு நாளைக்கு 300 மில்லி, 5 நாள். ஈரல் இதைக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும். அளவைக் கூட்டாதீர்கள், மாடு மந்தமாகிவிடும்.

ஊற்றும் விதத்தில் மிகவும் கவனம் வேண்டும். மூக்குக் கயிற்றைப் பிடித்துத் தலையை அண்ணாந்து தூக்கி ஊற்றுகிறோமே, அது கூடாது. மருந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டு மாடே போய்விடும். தலை நேராக இருக்கட்டும், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் ஊற்றி, விழுங்கிய பிறகு மறுபடி ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.

பசி திரும்பியதும் அடர்தீவனத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, லிட்டருக்கு 400 கிராம் என்ற கணக்கில் 16 லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ வரும். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள், உடைத்த மக்காச்சோளம் அதில் இருக்கட்டும், புரோபியோனிக் அமிலம் நன்றாகக் கிடைக்கும். தட்டையும் பசும்புல்லும் குறையக் கூடாது. அப்புறம் தாது உப்பு தினம் 50 கிராம்.

அடுத்த ஈத்தில், கன்று போடுவதற்கு மூன்று வாரம் முன்பே அடர்தீவனத்தை மெல்ல ஆரம்பியுங்கள், நுண்ணுயிர்களுக்கு அது பழக வேண்டும். ஈனும்போது கொழுத்திருக்கும் மாட்டுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. ஆனால் கொழுத்துவிட்டதே என்று சினையின் கடைசி மாதத்தில் தீவனத்தை வெட்டிவிடாதீர்கள், கொழுப்பு அப்போதே கரையத் தொடங்கிவிடும். உடம்பைச் சரி செய்வதெல்லாம் பால் வற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.