பாலைவன வண்டல் மண்: ஹீலா, காசா கிராண்டே மண்கள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரன் பாலைவனத்தை ஊடறுத்து ஓடும் ஹீலா ஆற்றை ஒட்டிய வண்டல் மண்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் இரண்டு மண் தொடர்களை (ஒரே வகை அடுக்கமைப்புள்ள மண்களுக்கு இட்ட பெயர்) சுற்றியே வந்துள்ளன. ஒன்று, ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கிடக்கும் ஹீலா மண். மற்றொன்று, அதைவிடச் சற்று மேடான பழைய படுகைத் தரையில் கிடக்கும் காசா கிராண்டே மண். இரண்டுமே நீர் அடித்துக்கொண்டு வந்து போட்டவைதாம். இருந்தும் வகைப்பாட்டின் முதற்படியிலேயே அவை பிரிந்துவிடுகின்றன. அப்படிப் பிரிப்பது அவற்றின் வயது என்பதைக் கீழே உள்ள பதில்கள் பலவற்றில் காண்பீர்கள்.

கேள்வி (புவியியல் முதுகலை மாணவி): பாலைவனத்து மண்ணெல்லாம் அரிடிசால் பிரிவில் சேரும் என்று படித்தோம். அப்படியிருக்க, ஹீலா மண்ணை என்டிசால் என்று குறிப்பது ஏன், ஐயா?

பதில்: வறண்ட தட்பவெப்பம் மட்டும் இருந்தால் ஒரு மண் அரிடிசால் ஆகிவிடாது. அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாட்டில் உள்ள 12 பெரும்பிரிவுகளில் அரிடிசாலுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். முதலாவது, வறண்ட ஈர நிலை. இரண்டாவது, மண் தனக்குள் உருவாக்கிக்கொண்ட ஓர் அடுக்கு. அதாவது களி சேர்ந்த அடுக்கோ, சுண்ணாம்பு சேர்ந்த அடுக்கோ, சோடியம் மிகுந்த களி அடுக்கோ, குறைந்தபட்சம் நிறமும் கட்டமைப்பும் மாறிய ஓர் அடுக்கோ, மேற்பரப்பிலிருந்து 100 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்க வேண்டும். ஹீலா மண்ணில் முதல் தகுதி உண்டு, இரண்டாவது இல்லை. அப்படித் தனக்கென அடுக்கு உருவாக்காத இளம் மண்ணையே என்டிசால் என்கிறோம். ஆய்வுக்காக அதில் தோண்டிய குழியில் நீங்கள் காணும் அடுக்குகள் மண் உருவாக்கியவை அல்ல, ஆறு விரித்துவிட்டுப் போனவை. ஒரு வெள்ளம் மென்மணலைப் போட்டிருக்கும், அடுத்தது அதன் மேல் வெளிர்பழுப்பு நிறத்தில் நுண்வண்டலைப் படிய வைத்திருக்கும். கத்தி முனையால் குழிச் சுவரை மெல்லச் சுரண்டினால் விரற்கடை கனமுள்ள படிவுகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். அந்தக் கோடுகள் கலையாமல் இருப்பதே மண் இன்னும் இளமையானது என்பதற்குச் சான்று.

கேள்வி (வேளாண்மைப் பட்டதாரி): இந்த இரண்டு மண்களின் முழு வகைப்பாட்டுப் பெயர்களைப் பிரித்து விளக்க முடியுமா?

பதில்: ஹீலா மண்ணின் பெயர் ‘கோர்ஸ்-லோமி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், கால்கேரியஸ், தெர்மிக் டைபிக் டாரிஃப்ளூவென்ட்’ என்பதாகும். இதைக் கடைசியிலிருந்து படிப்பதே எளிது. ‘என்ட்’ என்றால் என்டிசால். ‘ஃப்ளூவ்’ ஆற்று வண்டலைக் குறிக்கிறது. அதை நிறுவுவதற்கு, ஆழம் கூடக்கூட அங்ககக் கரிமம் சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறதா, அல்லது 125 செ.மீ. ஆழத்திலும் 0.2 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய மேற்பரப்புகள் புதிய வெள்ளத்தில் புதைந்துபோனதால்தான் கரிமம் அப்படி ஏறி இறங்குகிறது. ‘டாரி’ என்பது வறண்ட ஈர நிலை. ‘டைபிக்’ என்றால் அந்தப் பிரிவின் மைய வகை, வேறு விலகல்கள் இல்லை என்று பொருள்.

‘தெர்மிக்’ என்பது ஆண்டுச் சராசரி மண் வெப்பநிலை 15 முதல் 22 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது. ‘கால்கேரியஸ்’ என்றால் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இட்டால் மண் நுரைக்கும். ‘சூப்பர்ஆக்டிவ்’ என்பது களியின் அளவோடு ஒப்பிடும்போது நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் (கால்சியம், சோடியம் போன்ற அயனிகளைப் பிடித்து வைத்து மாற்றிக்கொள்ளும் திறன்) மிக அதிகம் என்பதற்கான அடையாளம். அந்த விகிதம் 0.60 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ‘மிக்ஸ்டு’ என்றால் எந்த ஒரு கனிமமும் ஆதிக்கம் செலுத்தவில்லை. ‘கோர்ஸ்-லோமி’ மண்ணில் களி 18 சதவீதத்துக்கும் குறைவு.

காசா கிராண்டே மண்ணின் பெயர் ‘ஃபைன்-லோமி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், ஹைபர்தெர்மிக் டைபிக் நேட்ரார்ஜிட்’. ‘இட்’ அரிடிசாலையும், ‘ஆர்ஜ்’ களி சேர்ந்த அடுக்கையும், ‘நேட்ர்’ சோடியத்தையும் குறிக்கின்றன. ‘ஃபைன்-லோமி’ மண்ணில் களி 18 முதல் 35 சதவீதத்துக்குள் இருக்கும். ‘ஹைபர்தெர்மிக்’ என்றால் ஆண்டுச் சராசரி மண் வெப்பநிலை 22 டிகிரி அல்லது அதற்கு மேல். நீளமாக இருந்தாலும் இந்தப் பெயர்களில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் களத்திலோ ஆய்வகத்திலோ எடுத்த ஓர் அளவீடு இருக்கிறது. இந்த வகைப்பாட்டின் மீது எனக்குள்ள மதிப்புக்கு அதுவே காரணம்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): காசா கிராண்டே பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 முதல் 200 மி.மீ. மழைதான் பெய்கிறது. அந்த மழையில் களி கீழே இறங்கி ஓர் அடுக்காகச் சேர்வது எப்படி?

பதில்: இன்றைய மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அது விளங்காது. சொனோரன் பாலைவனத்தில் இத்தகைய களி அடுக்குகள் பெரும்பாலும் பிளைஸ்டோசீன் எனும் பனியூழிக் காலத்து மேற்பரப்புகளில்தான் காணப்படுகின்றன. அந்தக் காலத்தில் நிலத்துக்குள் இன்றைவிட அதிக ஈரம் இறங்கிய கட்டங்கள் இருந்தன; அந்த ஈரத்தோடு நுண்களி இறங்கி, துளைகளின் சுவர்களிலும் கட்டிகளின் முகங்களிலும் படலமாக ஒட்டிக்கொண்டது. கையில் எடுத்த கட்டியை உடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால் அந்தப் படலம் மெழுகு பூசியதுபோல மினுங்கும். காற்று கொண்டுவந்து தூவிய தூசியும் களிக்கு ஒரு முக்கிய வரவு.

இதில் சோடியத்துக்கும் பங்குண்டு. பரிமாற்றச் சோடியம், அதாவது களி பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு, 15 சதவீதத்தை எட்டும்போது களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நீரில் கலங்கிவிடும். அதனால் குறைந்த நீரிலும் அவை எளிதாக இடம்பெயரும். பட்டகங்களாகவோ உச்சி உருண்ட தூண்களாகவோ களி பிளந்து நின்றால், சோடியத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று மண்ணே சொல்கிறது என எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (பொறியியல் மாணவர்): குழிகளில் காணும் வெள்ளை முடிச்சுகள் சுக்கான் கற்களா? அவற்றை வைத்து வயதைக் கணிக்க முடியுமா?

பதில்: ஆம், அவை கால்சியம் கார்பனேட்தான். மழைநீரும் தூசியும் கொண்டுவரும் கால்சியம் ஈரம் எட்டும் ஆழம்வரை இறங்கி, ஈரம் வற்றியதும் அங்கேயே படிந்துவிடுகிறது. நியூ மெக்ஸிகோவின் லாஸ் குரூசஸ் பகுதியில் ஆய்வு செய்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகியோர் 1966இல் இந்தப் படிவுக்கு நான்கு கட்டங்களை வகுத்தார்கள். சரளை குறைந்த மண்ணில் முதற்கட்டத்தில் மெல்லிய இழைகள் தோன்றும். இரண்டாவதில் முடிச்சுகள் உருவாகும். மூன்றாவதில் முடிச்சுகள் ஒன்றோடொன்று இணைந்து அடுக்கு முழுவதும் வெளுத்துவிடும். நான்காவதில் மேலே தகடு தகடான கெட்டிப் படலம் அமையும். இந்த வரிசையைக் கொண்டு அருகருகே உள்ள இரண்டு மேற்பரப்புகளில் எது மூத்தது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். ஆனால் கட்டத்தை மட்டும் பார்த்து ஆண்டுக் கணக்கு சொல்வது தவறு. ஏனெனில் தூசியின் வரத்தும், சரளையின் அளவும், மழையும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

கெட்டிப்பட்ட இந்தச் சுண்ணாம்பு மண்ணை அங்கே ‘கலீச்சி’ என்பார்கள். அப்பகுதியின் தொல்குடியினரான ஹோஹோகாம் மக்கள் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நான்கு அடுக்குப் பெருவீடு கலீச்சிச் சேற்றால் ஆனது. இன்று கூலிட்ஜ் நகரில் தேசிய நினைவுச்சின்னமாக நிற்கும் அதன் ஸ்பானியப் பெயரான ‘காசா கிராண்டே’ என்பதே அருகிலுள்ள நகரத்துக்கும், அதன் வழியே மண்ணுக்கும் வந்தது.

கேள்வி (மண்ணியல் ஆய்வு மாணவி): மேற்பரப்பில் ஓடுபோல் இறுகிய மெல்லிய படலத்தைப் பெயர்த்தால் அடியில் குமிழ் குமிழாக ஓட்டைகள் தெரிகின்றன. அவை பூச்சிகளின் வேலையா?

பதில்: இல்லை. மழை நனைக்கும்போது நுண்வண்டலுக்குள் அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றி விரிந்து, காய்ந்தபின் அந்த வடிவிலேயே உறைந்துவிடுகிறது. அந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதில்லை. ஆகவே ஓட்டைகள் நிறைந்ததுபோலத் தோன்றினாலும் நீர் உள்ளிறங்குவது குறைந்து, மேலோட்டமாக ஓடிவிடுகிறது.

கேள்வி (நீர்ப்பாசனப் பொறியாளர்): கூலிட்ஜ் அணை வந்தபின் ஹீலா ஆற்றில் வெள்ளம் குறைந்துவிட்டது, வயல்களுக்குப் பாசனமும் கிடைக்கிறது. வகைப்பாடு மாறாதா?

பதில்: மாறாது. 1930இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணைக்குப் பின் புதிய படிவு பெருமளவு குறைந்தது உண்மையே. ஆனால் வகைப்பாடு குழிக்குள் இன்று இருப்பதையே பார்க்கிறது. ஈர நிலையைத் தீர்மானிக்கும்போதும் பாசன நீரைச் சேர்ப்பதில்லை.

கேள்வி (முனைவர் பட்ட மாணவர்): உலக மண் வள மேற்கோள் அடிப்படை என்ற பன்னாட்டு வகைப்பாட்டில் இவை எங்கே சேரும்?

பதில்: ஹீலா ஃப்ளூவிசால் (ஆற்று வண்டல் மண்) ஆகும்; காசா கிராண்டே சோலோனெட்ஸ் (சோடியம் மிகுந்த களி அடுக்குள்ள மண்) ஆகும். அந்த முறையில் தட்பவெப்பம் பிரிவுக்கான அளவுகோல் அன்று. எனவே பெரும்பிரிவின் பெயரில் ‘வறண்ட’ என்ற செய்தி இடம்பெறுவதில்லை. பாலைவன மண்ணைப் பொறுத்தவரை இதை ஓர் இழப்பாகவே நான் கருதுகிறேன். இந்தியாவில் நாக்பூரில் தலைமையகம் கொண்ட தேசிய மண் ஆய்வு நிறுவனம் அமெரிக்க முறையையே பின்பற்றுவதால், ராஜஸ்தான் வரைபடங்களைப் படிக்கும்போது மேலே விளக்கிய பெயர்க்கூறுகள் உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி (விவசாயி): எங்கள் பக்கத்தில் களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுகிறோம். காசா கிராண்டே மண்ணுக்கும் அதேதானா?

பதில்: அடிப்படை அதேதான். அந்த மண்ணில் உவரும் (கரையும் உப்பு மிகுதி) களரும் (சோடியம் மிகுதி) சேர்ந்தே இருக்கின்றன. ஜிப்சம் இடாமல் உப்புக் குறைந்த நீரை மட்டும் பாய்ச்சினால் கரைந்த உப்புகள் கழுவிப் போய், சோடியம் களியிலேயே தங்கிவிடும். அப்போது களி கலங்கித் துளைகளை அடைத்து, நிலம் முன்பைவிட இறுகிவிடும். ஆகவே முதலில் ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்க வேண்டும். அதன்பின் போதிய நீர் பாய்ச்சி, வடிகால் வழியே சோடியத்தை வெளியேற்ற வேண்டும்.

மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்தால் வேறொரு வழியும் உண்டு. கந்தக அமிலம் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். அரிசோனாவின் தாமிர உருக்காலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமிலத்தைக் கையாளுவதில் ஆபத்து அதிகம்; தகுந்த கருவிகளும் பயிற்சியும் இல்லாதவர்கள் ஜிப்சத்தையே நாடுவது நல்லது. எதைச் செய்வதானாலும் முதலில் மண் பரிசோதனையில் பரிமாற்றச் சோடியத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கேளுங்கள். கார அமில நிலையும் மின் கடத்துதிறனும் மட்டும் தெரிந்தால் எவ்வளவு ஜிப்சம் இடுவது என்று கணக்கிட முடியாது.